கரிசக்காட்டுல வீடு கட்டணும்னா வெள்ளாமை வராத இடத்தைத் தேடுங்க

தம்பி, நீங்க கேட்டதை மொதல்ல சுருக்கமா சொல்லிக்கிறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. கோவில்பட்டி பக்கம் அப்பா பங்குல வந்த 1 ஏக்கர் 60 சென்ட் கரிசல், மானாவாரி புஞ்சை. வடக்கு தெக்கா 350 அடி, கெழக்கு மேக்கா 200 அடி. வடக்கு எல்லையில வண்டிப்பாதை, மேக்க ஓடை, தென்கெழக்கு மூலையில பழைய கிணறு, கெழக்கு ஓரமா ஈபி லைன் போகுது. அதுல 1200 சதுர அடியில அம்மா அப்பாவோட இருக்க ஒரு வீடு. இன்ஜினியர் நட்டநடுவுல போட்டா நாலு பக்கமும் பச்சையா எடுப்பா இருக்கும்னு பிளான் போட்டுக் குடுத்திருக்கார். ஊர்ல ஒருத்தர் பஞ்சாயத்துல வீட்டு வரி போட்டுட்டா போதும், வேற அனுமதி எதுவும் வேண்டாம்னு சொல்லியிருக்கார். இது ரெண்டும் சரியா அண்ணாச்சின்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டுமே சரியில்ல. நான் இந்த கரிசல் பூமியில 26 வருஷமா வீடு கட்டிக் குடுக்கிறவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மொதல்ல நடுவுல போடுற விஷயம். உங்க நிலத்துல வண்டிப்பாதை வடக்க இருக்கு, வீடு நடுவுல வந்தா பாதையில இருந்து வீட்டு வாசல் வரைக்கும் 175 அடிக்கு ஒரு தடம் போடணும், லாரி வரணும்னா 12 அடி அகலமாவது வேணும், கணக்கு போட்டுப் பாருங்க 2100 சதுர அடி, கிட்டத்தட்ட 5 சென்ட் நிலம் வெறும் தடத்துக்கே போயிரும், அதாவது வீட்டை விட தடம் பெருசு. அதோட முடியல. டிராக்டர்காரர் 350 அடி நேரா உழுதுட்டுப் போன காடு இப்போ வீட்டைச் சுத்தி நாலு துண்டா உடையும், ஒவ்வொரு துண்டுலயும் திரும்ப இடம் விடணும், அந்த திருப்பத்துல எல்லாம் வெதைப்பு சரியா விழாது. ரெண்டு வருஷம் பாப்பாங்க, மூணாவது வருஷம் அந்த சின்னத் துண்டை தரிசா போட்டுருவாங்க, அதுல சீமைக்கருவேல் மொளைக்கும். நடுவுல வீடு கட்டுன காடு அஞ்சாறு வருஷத்துல இப்படி முள்ளுக்காடா ஆனதை நான் நாலஞ்சு ஊர்ல பாத்திருக்கேன். விவசாய நிலத்துல வீடு கட்டுறோம்னா மிச்ச நிலம் விவசாய நிலமாவே இருக்கணும், அந்த ஒரு எண்ணத்தை வச்சுக்கிட்டுதான் பென்சிலைக் கையில எடுக்கணும்.

அப்போ எங்க போடுறது? இதை உங்க அப்பாகிட்ட கேளுங்க. வீடு எங்க போடலாம்னு கேக்காதீங்க, "எந்த எடத்துல வெள்ளாமை சரியா வராது"ன்னு கேளுங்க. ஒவ்வொரு கரிசல் காட்டுலயும் ஒரு பக்கம் சரளை மேடு இருக்கும், மேல ஒரு அடி ரெண்டு அடிதான் கரிசல், கீழ சரளையும் ஓடைக்கல்லும் கெடக்கும், உளுந்து போட்டா மத்த எடத்துல முழங்கால் உயரம் நிக்கும்போது அங்க மட்டும் சாணளவுல காஞ்சு போகும். உழுற டிராக்டர் டிரைவரையும் கேளுங்க, கலப்பைக் கொழு எந்த எடத்துல கல்லுல தட்டுதுன்னு அவர் கண்ணை மூடிக்கிட்டே சொல்வார். நீங்க அனுப்புன போட்டோவுல வடக்கு ஓரம், வண்டிப்பாதையை ஒட்டி, கொஞ்சம் கெழக்க தள்ளி நிலம் லேசா மேடா வெளுத்துத் தெரியுது, எனக்கு அது சரளை மேடாத்தான் படுது. ஆனா போட்டோவை நம்பி அஸ்திவாரம் போட முடியாது, அங்க மூணு எடத்துல ஆறடி ஆழத்துக்கு குழி வெட்டிப் பாருங்க, சரளை எத்தனை அடியில தட்டுதுன்னு எழுதி வைங்க. ஜேசிபி ஒரு மணி நேர வாடகைதான் செலவு, அது மிச்சம் பண்ணிக் குடுக்குற காசு லட்சக்கணக்குல.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா கரிசல் மண்ணோட கொணம் அப்படி. மழையில தண்ணியைக் குடிச்சு உப்பும், கோடையில காஞ்சு சுருங்கும். சித்திரையில நம்ம காட்டுல கை நுழையிற அளவு வெடிப்பு விடும்ல, அந்த வெடிப்புதான் அப்படியே வீட்டுச் செவுத்துல ஏறும். செவுத்துல ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு கோடு விழுந்துச்சுன்னா அது பூச்சுக் கோளாறு இல்ல, கீழ மண்ணு ஒரு பக்கம் தூக்குது இன்னொரு பக்கம் எறங்குதுன்னு அர்த்தம். சரளை மூணு நாலு அடிக்குள்ள தட்டிருச்சுன்னா கரிசலை முழுசா வெட்டி எடுத்துட்டு சரளை மேலயே கருங்கல் அஸ்திவாரம் எழுப்பி மேல பிளின்த் பீம், அதாவது செவுத்துக்கு அடியில சுத்தி ஓடுற கம்பி காங்கிரீட் விட்டம், ஓட்டிரலாம், செலவும் கம்மி, நிம்மதியும் உண்டு. சரளை கெடைக்காம எட்டடி பத்தடிக்கு கரிசலாவே போகுதுன்னா அண்டர் ரீம்டு பைல்தான் வழி. பைல்னா மண்ணுக்குள்ள ஆழமா எறக்குற காங்கிரீட் தூண், இது கீழ குமிழ் மாதிரி விரிஞ்ச பைல், ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்குன்னே உருவாக்குனது. மண்ணு உப்பிச் சுருங்குறது மேல் அடுக்குலதான், அதுக்குக் கீழ போய் பைல் நிக்கும். அதுல ஒரு விஷயத்தை மேஸ்திரி மறந்துருவார், நீங்க கூட நின்னு பாத்துக்கணும்: பைலுக்கு மேல ஓடுற பீமுக்கு அடியில மண்ணு ஒட்டாம குறைஞ்சது 80 மில்லிமீட்டர், அதாவது மூணு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல இடைவெளி விடணும், மண்ணு உப்பும்போது அந்த எடத்துல உப்பிக்கட்டும், பீமைத் தூக்கக் கூடாது.

அதே மாதிரி பேஸ்மட்டத்துக்கு உள்ள நெரப்புற மண்ணு. வெட்டி எடுத்த கரிசல் அங்கேயே குவிஞ்சு கெடக்கும், அதையே உள்ள தள்ளிரலாம்னு தோணும், தள்ளவே கூடாது. நான் தொழில்ல எறங்குன ரெண்டாவது வருஷம் ஒரு வீட்டுல செலவைக் குறைக்க அப்படி நெரப்ப விட்டுட்டேன், சுவர் நின்னுச்சு, ஐப்பசி மழையில தரை தூக்கி ஹால்ல டைல்ஸ் எல்லாம் கூடாரம் மாதிரி எந்திரிச்சிருச்சு. அந்த வீட்டுக்காரம்மா மொகம் இன்னும் எனக்கு மறக்கல, தரையை முழுசா உடைச்சு கிராவல் போட்டு என் செலவுல திருப்பிப் போட்டுக் குடுத்தேன். கிராவலை ஆறு இஞ்சு ஆறு இஞ்சா போட்டுத் தண்ணி விட்டு திம்மிசுக் கட்டையால இடிச்சு இறுக்கணும், வேற கதையே வேண்டாம். வீட்டைச் சுத்தி மூணு அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்வா காங்கிரீட் போட்டுருங்க, மழைத் தண்ணி அஸ்திவாரத்து ஓரத்துல எறங்காம வெளிய ஓடணும். பாத்ரூம் பைப்பு கசிஞ்சு ஒரே எடத்துல ஈரம் எறங்கினாலும் அந்தப் பக்கம் மட்டும் தூக்கும், அதனால டாய்லெட்டை வீட்டுக்கு நடுவுல கொண்டு போய் வைக்காதீங்க.

இனி காயிதம். இதை ரெண்டாவதா சொல்றேனே தவிர வேலை இங்கிருந்துதான் ஆரம்பிக்கணும். பட்டா, அ-பதிவேடு (சர்வே நம்பர் வாரியா நில விவரம் இருக்கிற கிராமக் கணக்கு), எஃப்எம்பி (நிலத்தோட அளவு போட்ட புல வரைபடம்) மூணையும் அரசு இ-சேவை தளத்துலயே எடுத்துரலாம், வில்லங்கத்தை பதிவுத்துறை தளத்துல பாத்துரலாம். பட்டா உங்க அப்பா பேர்ல தனிப்பட்டாவா இருக்கா, சித்தப்பா பெரியப்பாவோட கூட்டுப்பட்டாவா இருக்கான்னு பாருங்க. கூட்டுப்பட்டான்னா பாகப்பிரிவினை பத்திரம் போட்டு சர்வேயரை வரவச்சு அளந்து உட்பிரிவு ஆகி தனிப்பட்டா வந்த பிறகுதான் மத்ததெல்லாம். "எங்களுக்குள்ள பேசி முடிச்சாச்சு, வரப்பு இருக்கு"ன்னு சொல்வாங்க, எல்லாரும் நல்லவங்கதான், ஆனா அடுத்த தலைமுறை வந்து கேக்கும்போது வரப்பு சாட்சி சொல்லாது.

எஃப்எம்பியில ரெண்டு விஷயத்தைக் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாருங்க. ஒண்ணு வண்டிப்பாதை. அது புறம்போக்கா வரைபடத்துல இருக்கா, இல்ல பக்கத்துக் காட்டுக்காரங்க பட்டா நிலத்துல பழக்கத்துல போயிட்டு வர்ற தடமா? புறம்போக்குன்னா பிரச்சினை இல்ல. பட்டா நிலத்துல போற பழக்கத் தடம்னா இன்னைக்கு மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நீங்க செங்கல் லாரி ஓட்டும்போதுதான் பேச்சு வரும், அனுமதிக்குப் போனாலும் வழி எங்கன்னு கேப்பாங்க. அவங்ககிட்ட பேசி பாதை உரிமையைப் பத்திரமா பதிஞ்சு வாங்கிருங்க. ரெண்டாவது ஓடை. இன்னைக்கு கண்ணால பாக்குற ஓடை ஆறடி அகலந்தான் இருக்கும், எஃப்எம்பியில அளந்து பாத்தா முப்பது அடி இருக்கலாம், தூர்ந்து போய் ரெண்டு பக்கமும் காட்டோட காடா உழுதிருப்பாங்க. வரைபடத்துல உள்ள அகலந்தான் ஓடை. அதுக்குள்ள கக்கூஸ் தொட்டியோ வேலியோ எது போட்டாலும் ஆக்கிரமிப்புதான், 1905-லயே போட்ட நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. சட்டத்தை விடுங்க, அந்த ஓடை உங்களுக்குக் கீழ இருக்கிற கம்மாய்க்குப் போற தண்ணி, பத்து வருஷத்துக்கு ஒருக்க பெருமழை பெஞ்சா அது தன் பழைய அகலத்தைத் தேடி வரும். வரைபட எல்லையில இருந்தும் நல்லா தள்ளியே இருங்க.

அனுமதி விஷயத்துக்கு வர்றேன். வீட்டு வரி ரசீதுங்கிறது வரி கட்டுனதுக்கு ரசீது, அவ்வளவுதான். கட்டட அனுமதி வேற, அதுக்கும் முன்னாடி நிலப்பயன்பாட்டு மாற்றம் வேற. உங்க சர்வே நம்பர் பிளான் ஏரியாவுக்குள்ள, அதாவது நகரமைப்புத் திட்டம் போட்ட பகுதிக்குள்ள, வருதா வெளிய இருக்கான்னு மாவட்ட நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல, நாம டிடிசிபின்னு சொல்றோமே, அங்க கேட்டுக்கோங்க. உள்ள வந்தா மாஸ்டர் பிளான்ல எந்த மண்டலம்னு பாத்து, அந்த மண்டலத்துக்கு விதியில சொன்ன உபயோகத்துக்குள்ள உங்க வீடு வரலைன்னா மண்டல மாற்றம் கேக்கணும். வெளிய இருந்தா, அதாவது நான்-பிளான் ஏரியான்னா, 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல 47-ஏ பிரிவு இருக்கு, அதுக்கு 2017-ல விவசாய நிலத்தை விவசாயம் அல்லாத உபயோகத்துக்கு மாத்துறதுக்குன்னே விதிகள் போட்டாங்க, அதுப்படி விண்ணப்பிக்கணும். உங்களுது புஞ்சைங்கிறதால கொஞ்சம் லேசு. நஞ்சையா இருந்தா கலெக்டர், வேளாண்மைத் துறைன்னு கருத்து கேட்டு சுத்தி வரும், அதுல தப்பும் இல்ல, தண்ணி பாயிற நெல்லு வயலை வீடாக்குறது அவ்வளவு லேசா நடக்கக் கூடாது. அது முடிஞ்சதும் 2019-ல வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி பிளான் போட்டு உள்ளாட்சி வழியா கட்டட அனுமதி.

இங்க ஒண்ணு கவனிங்க. 1 ஏக்கர் 60 சென்ட்டையும் மாத்தணும்னு அவசியமே இல்ல. வீடு, களம், முன்வாசல், செப்டிக் டேங்க் எல்லாம் சேத்து 10 சென்ட் போதும், 4356 சதுர அடி. அந்தப் பகுதிக்கு மட்டும் ஸ்கெட்ச் போட்டு கேளுங்க, கட்டணமும் அதுக்குத்தான் வரும், மிச்சம் 1 ஏக்கர் 50 சென்ட் பட்டாவுல புஞ்சையாவே நிக்கும். வீட்டை பாதையை ஒட்டி ஒரு ஓரத்துல வச்சாத்தான் இப்படி சுத்தமா ஒரு கட்டம் போட்டுக் காட்ட முடியும், நடுவுல வச்சா தடத்தையும் சேத்துக் காட்டணும். நிலம் எந்த எடத்தைச் சொல்லுதோ அதே எடத்தைத்தான் காயிதமும் சொல்லுது.

2024 ஜூலையில சுயசான்று திட்டம் வந்துச்சே, ஆன்லைன்ல உடனே அனுமதி கெடைக்குதாமேன்னு நீங்க அடுத்து கேப்பீங்க. அது 2500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில 3500 சதுர அடி வரைக்கும் கட்டுற வீட்டுக்கு, தரைத்தளமும் அதுக்கு மேல ஒரு மாடியும். நல்ல திட்டம், டவுன்ல மனை வச்சிருக்கிறவங்களுக்கு பெரிய உதவி. காட்டுல 2500 சதுர அடியை மட்டும் தனியா பத்திரம் போட்டு அதுக்குள்ள நுழைஞ்சிரலாம்னு யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, அது அங்கீகாரம் இல்லாத மனையா போய் நிக்கும். 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் விவசாய நிலத்தை அங்கீகாரம் இல்லாம மனையா மாத்திப் பதியிறதுக்குத் தடை போட்டதும், அதுக்கப்புறம் 2016 அக்டோபர் 20-ஐ கெடுவா வச்சு 2017-ல அந்த மாதிரி மனைகளை முறைப்படுத்துற வரன்முறைத் திட்டம் வந்ததும் ஊர் அறிஞ்ச கதை, அப்போ மாட்டிக்கிட்டு பத்திரம் ஆபீஸ் வாசல்ல மாசக்கணக்கா நின்னவங்களை நான் பாத்திருக்கேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் எந்த அனுமதியும் இல்லாம காட்டுக்குள்ள வீட்டைக் கட்டி முடிச்சிட்டார், பொண்ணு கல்யாணத்துக்கு அந்த வீட்டு மேல லோன் கேட்டா எந்த பேங்க்கும் திரும்பிப் பாக்கல, முப்பது லட்சம் போட்ட வீடு காயிதத்துல இன்னைக்கும் வெறும் புஞ்சை. ஆறு மாசம் தாமதமானாலும் பரவால்ல, வரிசையா செய்ங்க.

இன்னொரு வழியும் சொல்லிடுறேன். ஊருக்குள்ள உங்க குடும்பத்துக்கு நத்தத்துல எடம் இருக்கா? பழைய வீடு இடிஞ்சு கெடந்தாலும் சரி. நத்தம்ங்கிறது குடியிருப்புக்குன்னே உள்ள நிலம், பயன்பாட்டு மாற்றம்ங்கிற பேச்சே இல்ல. அம்மா அப்பாவுக்கு வயசாகுது, ராத்திரி நெஞ்சு வலின்னா பக்கத்து வீட்டுக்காரங்க இருக்கிற எடமா, 108 வண்டி சேத்துல சிக்காம வர்ற எடமான்னும் யோசிங்க. காட்டுல வீடு கட்டாதீங்கன்னு சொல்லல, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னு சொல்றேன்.

சரி, காட்டுலதான்னு முடிவாயிருச்சுன்னா வீடு எப்படி இருக்கணும். கெழக்கு மேக்கா நீளமா, 48 அடிக்கு 25 அடின்னு வைங்க, அதுவே 1200 சதுர அடி. நீளப் பக்கம் வடக்கையும் தெக்கையும் பாக்கணும், குறுகலான பக்கம் மேக்கைப் பாக்கணும், சாயங்கால வெயில் வாங்குற செவுரு 25 அடியோட முடிஞ்சிரும். அந்த மேக்குப் பக்கத்துல டாய்லெட், சாமான் ரூம், விதை மூட்டை அடுக்குற ரூம் வச்சுட்டா அதுவே குடை மாதிரி உள் ரூமைக் காக்கும். தெக்குப் பக்கம் மட்டும் நிழல் போட்டா போதும்னு சென்னை பெங்களூர் ஆர்க்கிடெக்ட் பிளான் பாத்துட்டு சொல்வாங்க, நம்ம ஊர் பூமத்திய ரேகையில இருந்து 9 டிகிரியிலதான் இருக்கு, சித்திரை பொறந்த கையோட சூரியன் உச்சியைத் தாண்டி வடக்க போயிரும், ஆவணி நடுவுல வரைக்கும் மத்தியானத்துல வடக்குச் செவுத்துலதான் வெயில் விழும், நம்ம கோடையே அதுதானே. அதனால வடக்குப் பக்கம் முழு நீளத்துக்கும் எட்டடி அகலத்துல தாழ்வாரம், மேல ஓடு. ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்தோட சாரல் வடகிழக்குல இருந்துதான் வரும், எட்டடி இருந்தா சாரல் வாசக்கதவைத் தொடாது. கூலிக்கு வந்தவங்க உக்காந்து சாப்பிடவும், அப்பா கயித்துக் கட்டில் போட்டுக் காட்டைப் பாத்துக்கிட்டு படுக்கவும் அந்தத் தாழ்வாரந்தான் உண்மையான வீடு. நடுவுல முற்றம் வைக்கலாமான்னு நிறைய பேர் ஆசைப்படுறாங்க, 1200 சதுர அடியில முற்றம் வச்சா ரூமெல்லாம் சந்து மாதிரி ஆயிரும், அதோட கரிசல்ல வீட்டு நடுவுல மழைத் தண்ணியை எறக்குறது எனக்கு சம்மதமே இல்ல.

ஆனி ஆடிக் காத்து உங்களுக்குத் தெரியும், தென்மேற்குல இருந்து புழுதியை அள்ளிக்கிட்டு வரும். அந்த மூலையில பெரிய ஜன்னல் வைக்காதீங்க, சின்ன ஜன்னலா உயரமா வச்சு, வெளிய இருபத்தஞ்சு முப்பது அடி தள்ளி வேம்பும் புங்கமும் வரிசையா வைங்க. மரத்தை வீட்டை ஒட்டி வச்சா வேர் கரிசல்ல ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கம் அஸ்திவாரம் எறங்கும், அதான் தூரம் சொல்றேன். பனை நின்னா அதை ஒட்டி பிளானை மாத்துங்க, வெட்டாதீங்க, பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சிருக்காங்க.

அம்மா அப்பாவுக்காக ஒரு கணக்கு. சமக் கரிசல்ல கட்டுனா பேஸ்மட்டம் ரெண்டரை அடியாவது தூக்கணும், வீல்சேர் ஏறுற சாய்தளம் ஒண்ணுக்குப் பன்னெண்டுன்னு போடணும், அப்போ 30 அடி நீளம் ஆயிரும். சரளை மேட்டுல கட்டுனா ஒன்றரை அடி போதும், 18 அடியில சாய்தளம் முடிஞ்சிரும், தாழ்வாரத்து ஓரமாவே ஓட்டிரலாம். இன்னைக்கு நல்லா நடக்குறாங்கன்னு சாய்தளத்தை விட்டுறாதீங்க. ஒரு பாத்ரூம் கதவாவது மூணடி அகலம் வைங்க.

வாஸ்துன்னு வீட்டுல பேச்சு வரும். கிணறு தென்கெழக்குல இருக்கு, அக்னி மூலையில தண்ணி ஆகாது, மூடிரணும்னு சொல்வாங்க. வெட்டுன கிணத்தை மூடுற பாவத்துக்கு நான் உடன்பட மாட்டேன். வாஸ்துவை வீடு இருக்கிற அந்த 10 சென்ட் கட்டத்துக்கு மட்டும் பாக்கச் சொல்லுங்க, கிணறு அந்தக் கட்டத்துக்கு வெளிய எங்கேயோ தள்ளி இருக்கு, பெரியவங்க மனசும் நோகாது.

கிணத்துத் தண்ணி எப்படி, உப்பா? நம்ம பக்கம் நிறைய கிணறு சவர்ப்புத்தான். கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தண்ணியை லேப்ல குடுத்து பாத்துருங்க, உப்புத் தண்ணியில காங்கிரீட் போட்டா உள்ள கம்பி துருப்பிடிச்சு பத்து வருஷத்துல சீலிங் உதிரும். குடிக்கிறதுக்கு மழைத் தண்ணிதான் ராஜா. 1200 சதுர அடி கூரைன்னா 111 சதுர மீட்டர், வருஷத்துக்கு 700 மில்லிமீட்டர் மழைன்னு வச்சா 78,000 லிட்டர், அதுல ஆவியா போறது மொத மழையில கழுவி விடுறது எல்லாம் கழிச்சு எண்பது சதவீதம் எடுத்தாக்கூட 62,000 லிட்டர். பத்துக்குப் பத்துக்கு ஆறடி ஆழத்துல ஒரு தொட்டி கட்டுனா 17,000 லிட்டர் நிக்கும், ரெண்டு பேர் மூணு பேர் குடிக்க சமைக்க வருஷம் முழுக்க தாராளம். மழைநீர் சேகரிப்பு 2003-ல இருந்து நம்ம மாநிலத்துல கட்டாயம், பலரும் ஒரு குழியை வெட்டி ஜல்லியைக் கொட்டி கணக்குக் காட்டிருவாங்க, கரிசல்ல அந்தக் குழி தண்ணியை உறிஞ்சவே உறிஞ்சாது, தொட்டியில புடிக்கிறதுதான் இங்க சேகரிப்பு.

உறிஞ்சாதுங்கிறது செப்டிக் டேங்க்குக்கும் பொருந்தும். செப்டிக் டேங்க்ல இருந்து வர்ற தண்ணி மண்ணுல எறங்குற உறைக்குழி, குடிதண்ணிக் கிணத்துல இருந்து குறைஞ்சது 18 மீட்டர், கிட்டத்தட்ட 60 அடி தள்ளி இருக்கணும், உங்க வீடு வடக்கு ஓரத்துல வந்துட்டா கிணத்துக்கும் குழிக்கும் 200 அடிக்கு மேல வந்துரும், அந்தக் கவலையும் தீர்ந்துச்சு. ஓடைப் பக்கம் மட்டும் வைக்காதீங்க. சரளைக்குள்ள குழி எறங்கினா தண்ணி இறங்கும், கரிசலுக்குள்ள எறங்கினா மழைக்காலத்துல திருப்பி மேல வரும். குளிக்கிற துவைக்கிற தண்ணியைத் தனி பைப்புல பிரிச்சு வாழைக்கும் கல்வாழைக்கும் விட்டுருங்க, குழிக்குப் பாரம் பாதியாயிரும்.

கரண்ட்ல ஒரு எச்சரிக்கை. கிணத்துல இலவச விவசாய சர்வீஸ் இருக்குன்னா அதுல இருந்து ஒரு ஒயரை இழுத்து வீட்டுக்கு பல்பு போடுறது கூடவே கூடாது, கட்டட வேலைக்கு மோட்டார் ஓட்டுறதும் கூடாது, சர்வீஸையே இழந்துருவீங்க, அது உங்க அப்பா எத்தனை வருஷம் காத்திருந்து வாங்குனதோ. கட்டுற வரைக்கும் தற்காலிக இணைப்பு, அப்புறம் வீட்டுக்குத் தனி மீட்டர். கெழக்கு ஓரத்து லைன் எத்தனை கேவின்னு (கிலோவோல்ட், மின்அழுத்த அளவு) லைன்மேன்கிட்ட கேட்டு, விதியில சொன்ன பக்கவாட்டு இடைவெளியை விட்டுத்தான் எல்லை போடணும். பின்னாடி மொட்டைமாடியில துணி காயப்போட கம்பி நட்டாலும் எட்டாத தூரத்துல இருக்கணும், அந்த அளவுக்கு யோசிங்க. லைனை மாத்தி நடலாம், ஆனா அந்தச் செலவு உங்க தலையிலதான் வரும், வீட்டை இருபது அடி மேக்க தள்ளுறது சும்மா.

காலம்தான் கடைசி விஷயம். கரிசல்ல ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் லாரி எறங்குனா அச்சு வரைக்கும் புதைஞ்சிரும், இழுக்க ரெண்டு டிராக்டர் வாடகை, அப்புறம் அந்த சக்கரத் தடம் அடுத்த வெள்ளாமை வரைக்கும் கெட்டியா நிக்கும். இந்த வருஷ மழைக்காலத்தை காயித வேலைக்கு விட்டுருங்க. அனுமதி கையில வந்துட்டா தையில பருத்தி, உளுந்து எடுப்பு முடிஞ்சதும் மொத வேலையா பாதையில இருந்து வீட்டு வரைக்கும் சரளை கொட்டி தடத்தைக் கெட்டிப்படுத்துங்க, செங்கல் ஜல்லி எல்லாம் அந்த 10 சென்ட்டுக்குள்ளயே எறக்கணும்னு கான்ட்ராக்டர்கிட்ட எழுதி வாங்குங்க, வாயில சொன்னா காடு முழுக்க கொட்டிருவாங்க, அந்த ஜல்லியைப் பொறுக்கி முடிக்க மூணு கோடை உழவு ஆகும். ஆடிக்காத்துக்கு முன்னாடி கூரை மட்டம், புரட்டாசிக்குள்ள பூச்சு வேலையும் வெளிக்காங்கிரீட்டும்.

இப்போதைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு எஃப்எம்பி பிரிண்டோட காட்டுக்குப் போங்க, வெள்ளாமை வராத எடத்தை அவர் கையாலயே பென்சில்ல சுத்திக் காட்டச் சொல்லுங்க, மூணு குழியும் வெட்டி சரளை எத்தனை அடியில தட்டுச்சுன்னு இங்க எழுதுங்க. அதைப் பாத்துட்டு கல் அஸ்திவாரமா பைலான்னு சொல்றேன், ரூம் அளவெல்லாம் அதுக்கப்புறம் பேசிக்கலாம் தம்பி.